மூச்சு வாங்கிய செருப்புகள்

"மனுசனுக்கு ஒரு நாளைக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு மூச்சு, அதுல ஒண்ணையாவது..." என்று எங்கள் ஊர்ப் பழைய கம்பவுண்டர் குற்றாலிங்கம் நூலக ஆண்டு விழா மேடையில் ஒருமுறை சொன்னார், ஒன்றையாவது என்ன செய்யச் சொன்னார் என்பது எனக்கு மறந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் வெளியூர்களில் வேறு பாஷையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபின் நாலைந்து பேரிடம் கேட்டும் பார்த்தேன். எண்ணச் சொன்னார் என்றார் ஒருவர், அடக்கச் சொன்னார் என்றார் இன்னொருவர், எனக்கு அண்ணி முறையான சண்முகத்தாய் மைனி மட்டும், "அவரு பேசுனது எங்க கேட்டுச்சு, அன்னைக்குப் பொரிகடலைப் பொட்டலம் குடுத்தாங்கல்லா, ஊரே நொறுக்கிக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

அது போகட்டும். நான் சொல்ல வந்தது அந்த மைனியின் வீட்டுக்காரர் பூவலிங்கத்தைப் பற்றியும், கரிசல்கோட்டையில் செருப்புகள் மூச்சு வாங்கிய வருஷத்தைப் பற்றியும்.

ஆவணி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் கழற்றிப் போட்டிருந்த நாற்பத்து மூன்று சோடிச் செருப்புகளில் பதினொரு சோடி மூச்சு வாங்கின. ஓடிவந்து நின்ற நாயின் மூச்சு அல்ல, அவ்வளவு வேகம் இல்லை. தண்ணீர்க் குடத்தோடு மாடியேறியவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்து, முகம் துடைக்கிற சாக்கில் முந்தானைக்குள் கொஞ்ச நேரம் நிற்பாளே, அந்த மூச்சு. வார்கள் எழுந்து எழுந்து தாழ்ந்தன, அடிப்பாகம் தவளையின் தொண்டைபோல உப்பி உப்பி வடிந்தது, ரப்பர் செருப்பு லேசாக விசிலடித்தது, தோல் செருப்பு பழைய கட்டில்போல முனகியது, குதிகால் உயர்ந்த ஒரு சோடி மட்டும் நாகரிகமாக, இரண்டு மூச்சுக்கு ஒருமுறை இருமிக்கொண்டது.

கட்டுப் போடுகிற அறையின் சன்னல் வழியாக அதைக் கேட்ட நர்ஸ் செபஸ்தியம்மாள், நாய்தான் படுத்திருக்கிறது என்று விளக்குமாறோடு வெளியே வந்து, குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்ச் சொன்னார்:

"டாக்டர், வெளிய செருப்புக்கு மூச்சு வாங்குது."

டாக்டர் நிலோஃபர் இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார்: "எத்தனை சோடிக்கு, சிஸ்டர்?"

"பதினொண்ணு."

"டோக்கன் போட்டு வரிசையில விடுங்க."

அந்தப் பதினொரு பேரும் மூச்சுக்காக வந்தவர்கள் இல்லை. ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்கு வாய்வு, இருவருக்குச் சர்க்கரை மாத்திரை, ஒருத்திக்கு அசதி, பூவலிங்கத்துக்குக் காதில் அழுக்கு. டாக்டர் ஒவ்வொருவரிடமும், "மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். "எனக்கா? சேச்சே." "அது வயசு டாக்டரம்மா." "உடம்பு போட்டிருச்சுல்லா, அதான்." "வெயிலு." "எனக்கு எதுவும் இல்ல, எங்க வீட்டுக்காரரு உசரமா கட்டிட்டாரு வாசப்படிய." இப்படிப் பதினொரு பேரும் சொல்லிவிட்டு வெளியே வந்து, தங்கள் தங்கள் செருப்பை அடையாளம் கண்டு, அது படுகிற பாட்டைப் பார்த்து, "அட, இதுக்கு என்ன வந்துச்சு" என்று அதட்டிப் போட்டுக்கொண்டு போனார்கள். காலில் மாட்டியதும் செருப்பு அடங்கிவிடும். கழற்றி நாலடி நகர்ந்ததும் மறுபடி ஆரம்பித்துவிடும். பூவலிங்கம் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. மஞ்சப்பைக்குள் இரண்டையும் திணித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார்.

கரிசல்கோட்டைக்காரர்கள் அதிசயத்துக்கு வாய் பிளக்கிறவர்கள் இல்லை. அவர்கள் செய்த தப்பு வேறு. செருப்பில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். செருப்புக்கடைக் காதர் மீரானிடம் போய்ச் சண்டை போட்டார்கள்; அவர் தொழுகையை முடித்துவிட்டு வந்து, தன்னுடைய செருப்பும் பள்ளிவாசல் படியில் இரைத்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்து, கடை இருப்பு முழுவதையும் பாதி விலைக்குக் கொடுத்தார். வாங்கிய புதுச் செருப்புகள் மூன்றாம் நாள் மூச்சு வாங்கின. அப்புறம்தான் வைத்தியம் தொடங்கியது. செருப்பை நொச்சித்தழை போட்ட வெந்நீர்ப் பானைக்கு மேல் வைத்துப் போர்வை போர்த்தி ஆவி பிடித்தார்கள். வாருக்குத் தைலம் தடவினார்கள். தூதுவளை ரசம் வைத்துத் தங்கள் சாப்பாட்டுக்கு ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு செருப்புக்கு இரண்டு கரண்டி ஊற்றினார்கள். தெற்குத் தெருவில் ஓர் அம்மா, தன் செருப்பைத் தலையணையில் சாய்த்துப் படுக்கவைத்தால் கொஞ்சம் அமைதியாக இருக்கிறது என்று கண்டுபிடித்து எல்லோருக்கும் சொன்னார். அவரே மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடிதான் ஒரு வருஷமாகத் தூங்குகிறார் என்பதை ஒருவரும் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

புரட்டாசிக்குள் ஊர் பழகிவிட்டது. கோயிலில், பள்ளிவாசலில், சர்ச்சில், கல்யாண மண்டபத்தில், எங்கெல்லாம் செருப்பைக் கழற்றுவார்களோ அங்கெல்லாம் வாசலில் அலையடிக்கிற மாதிரி ஒரு சத்தம் இருந்தது; கைக்குழந்தைகள் அதில் நன்றாகத் தூங்கின. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியைத் தின்றுகொண்டே ஒருவரை வாசலுக்கு அனுப்பிச் செருப்பைக் கேட்டுவரச் சொன்னார்கள். பெண் வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டுச் செருப்பை வாசலில் வைத்துத் தங்களுடையதை மாவு டின்னில் போட்டு மூடினார்கள். கிராமசபைக் கூட்டத்தில் தலைவர் குடிநீர்த் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய செருப்பு மேடைக்குக் கீழே இழுக்க ஆரம்பிக்க, "அது மோட்டார் சத்தம், புது மோட்டார் போட்டிருக்கோம்" என்று சொல்லிக் கைத்தட்டு வாங்கினார். ஜின்னிங் மில்லில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. ஷிப்டுக்கு இருநூறு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள், பஞ்சுக் குவியலில் செருப்பு கூடாது. அந்த இருநூறில் தொண்ணூறு சோடி ஒரே தாளத்தில் மூச்சு வாங்கியதைக் கேட்ட மில் முதலாளி அன்று சாயந்திரமே டவுனுக்கு ஆள் அனுப்பி முகமூடி மூட்டைகளை இறக்கினார். முப்பது வருஷமாக யூனியன் கேட்டும் கிடைக்காத முகமூடி.

இதற்கு நடுவில் ஊரில் திடீரென்று பக்தி பெருகியது. மாலை போட்டவர்கள் செருப்புப் போடக்கூடாது என்பது விரதம். மாலை போட்டவரிடம் செருப்பு எங்கே என்று யாரும் கேட்கவும் கூடாது. பல வருஷமாகக் கோயில் பக்கம் எட்டிப்பார்க்காதவர்களெல்லாம் துளசிமாலையும் காவி வேட்டியுமாக வெறுங்காலில் நடந்தார்கள். அதில் முதல் ஆள் பூவலிங்கம். ஆவணியில் திருச்செந்தூருக்கு என்றார், கார்த்திகையில் சபரிமலைக்கு என்றார், தை பிறந்ததும் பழனிக்கு என்றார், எந்த மலைக்கும் போகவில்லை.

பூவலிங்கம் அந்த மில்லில் முப்பத்து நாலு வருஷம் மேஸ்திரி. குரல் என்றால் அப்படி ஒரு குரல்; இருபது மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேல் கடைசி மிஷின்காரனுக்குக் கேட்கிற குரல். அவரோடு வேலை பார்த்த ராமசுப்பு என்பவருக்கு மூச்சு வாங்குகிறது என்று ஊருக்குத் தெரிந்த நாளிலிருந்து 'இழுப்பு' என்பதே அவர் பெயராகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள், "அவரால எங்க வர முடியும் பாவம்" என்று அந்த வீட்டைத் தாண்டிப் போனார்கள். சீட்டாட்டத்தில் அவருக்குக் கை போடுவதை நிறுத்தினார்கள். அவர் வந்தால் பேச்சைத் தாழ்த்தினார்கள். பூவலிங்கமும் தாழ்த்தினார். அதனால் தனக்கு அது வந்தபோது, அதைவிடக் கோபக்காரன் என்று பெயர் எடுப்பது மேல் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கோபக்காரர் என்ற பெயர் அவருக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே மகள் மாரிச்செல்வி மூன்று வருஷத்துக்கு முன்னால் வங்கியில் வேலை பார்க்கிற தினகர் என்ற பையனை, வேற ஆளுகள் வீட்டுப் பையனை, தானாகப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். பூவலிங்கம் ஒருநாள் கத்தினார். ஒரு டம்ளரை எறிந்தார். இரண்டாம் நாள் பேசாமல் இருந்தார். நாலாம் நாள் மனசு ஆறிப்போய், தாரிலிருந்து ஒரு சீப்பு நாட்டுப்பழத்தை வெட்டி எடுத்துக்கொண்டு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடிக்குப் போனார். மகள் இருந்தது மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை. ஐம்பத்து நாலு படி. ஏறி முடித்து மணியை அடித்தபோது அவருக்குள் காற்றே இல்லை. கதவைத் திறந்தது மருமகன்; பின்னால் மகள். 'நல்லா இருங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. முகம் சிவந்து, மூக்கு விடைத்து, தோள் ஏறி இறங்க, கண் பிதுங்க இரண்டு பேரையும் பார்த்தபடி அரை நிமிஷம் நின்றார். பழத்தை வாசலில் வைத்தார். திரும்பி இறங்கிவிட்டார்.

"வீடு தேடி வந்து மொறைச்சுட்டுப் போறாரும்மா" என்று மாரிச்செல்வி அன்றைக்கு அம்மாவிடம் போனில் அழுதாள்.

பூவலிங்கத்துக்கு அது காதில் விழுந்தது. மறுத்திருக்கலாம். மறுத்தால் வேறு என்ன என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் படியை மிதிக்கவில்லை. மகளும் பிரசவத்துக்குக்கூடத் தாய்வீட்டுக்கு வரவில்லை, மைனிதான் மூன்று மாதம் மேலே போய் இருந்தார். வாரம் ஒருமுறை மைனி தூக்குவாளியோடு படியேற, இவர் கீழே வேப்பமரத்தடியில் பைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேலிருந்து மகள் எட்டிப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அதுவும் கோபக் கணக்கிலேயே எழுதப்பட்டது.

மஞ்சப்பைச் செருப்பைக் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிக்குள் வைத்து, மேலே இரண்டு கம்பளியைப் போட்டுப் பூட்டியிருந்தார். ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடு அடங்கினால் அது கேட்கும்.

"ஏங்க, கட்டிலுக்கடியில என்ன சத்தம்?"

"எலி."

"எலிக்கு இழுப்பா?"

"உனக்கு எப்பமும் என்னை ஏதாவது சொல்லிக்கிட்டே இருக்கணும்."

"நான் எலியைத்தான சொன்னேன்" என்று மைனி வெற்றிலையை மடித்தார். ஐந்து மாதம் அது எலியாகவே இருந்தது. மைனி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "செல்விகிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னா இது முடிஞ்சுபோகும் தம்பி. சொல்லமாட்டேன். அது அவரு மூச்சு. நான் எடுத்து விட முடியாது."

சுகாதார நிலையத்தில் ஒரு மாற்றம் வந்தது அந்த வருஷம் ஐப்பசியில். 'மூச்சு வாங்குதா' என்று கேட்டால் ஊரே 'இல்லை' என்கிறது, வாசலில் செருப்பு 'ஆமாம்' என்கிறது என்பதால் டாக்டர் நிலோஃபர் நொந்துபோயிருந்தார். "நான் கேக்கறது தப்பா, சிஸ்டர்?" என்றார்.

"நாங்க இல்லைன்னு சொல்லிப் பழகுனவங்க டாக்டர். வீட்டுக்கு யாராவது வந்து சாப்ட்டீங்களான்னு கேட்டா, பட்டினியா இருந்தாலும் ஆச்சுன்னுதான சொல்லுதோம்" என்றார் செபஸ்தியம்மாள். "வேற மாதிரி கேப்போம். போன வருசம் செஞ்சதுல இந்த வருசம் எதை விட்டீங்கன்னு கேப்போம்."

அப்படிக் கேட்டதும் மடை திறந்துகொண்டது. ரிட்டயர்டு டீச்சர் பங்கஜவல்லி, அந்த இருமுகிற குதிகால் செருப்புக்காரர், முதலில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் விடலியேம்மா. கோலத்தை மட்டும் சின்னதாக்கிட்டேன். பதினஞ்சு புள்ளி போட்டது, இப்ப அஞ்சு."

"ஏன் டீச்சர்?"

"குனிஞ்சா ஒரு மாதிரி வருது. அப்புறம் பஜனைக்குப் போறேன், பாடல, வாயை மட்டும் அசைப்பேன். பால்காரன்கிட்ட நின்னு பேசறதில்ல. புடவையை உக்காந்துதான் கட்டுறேன். மார்க்கெட்டுக்குப் போற வழியில நாலு தடவை போனை எடுத்துப் பாப்பேன், யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல டாக்டரைப் பார்த்தார். "எம்மா, நான் நெறையல்லா விட்டிருக்கேன்."

அந்த நிமிஷம் வாசலில் குதிகால் செருப்பு இருமலை நிறுத்தியது. டீச்சருக்கு நிற்கவில்லை, செருப்புக்குத்தான் நின்றது.

சொல்லிவிட்டால் செருப்பு அடங்கும் என்பது அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. மறுநாள் சுகாதார நிலையத்தில் திருவிழாக் கூட்டம். ஒருவர் சட்டைக்கு ஒரு கையை மாட்டிவிட்டு அடுத்த கையை மாட்டுமுன் கொஞ்ச நேரம் நிற்பதாகச் சொன்னார். காதர் மீரான், வாடிக்கையாளர் காலுக்குக் குனிய முடியாமல், "நீங்களே போட்டுப் பாருங்க, அதான் இப்ப ஃபேஷன்" என்று சொல்லி ஒரு வருஷத்தை ஓட்டியிருந்தார். விறகடுப்பில் நாற்பது வருஷம் ஊதியவள், இப்போது அடுப்பு ஊத மருமகளைக் கூப்பிடுவதாகவும், அதனால் மாமியார்க் கொடுமை என்று கெட்ட பெயர் வாங்கியிருப்பதாகவும் சொன்னாள். மருமகள் பக்கத்திலேயே நின்றாள். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா கேஸ் அடுப்பு வாங்கியிருப்போமே அத்தை, நான் எங்கம்மா வீட்டுக்குக் கோவிச்சிக்கிட்டுப் போனதெல்லாம் வேஸ்ட்டா?" என்றாள். கூட்டம் சிரித்தது, அத்தையும் சிரித்து, மூச்சு வாங்கி, இந்த முறை மறைக்காமல் வாங்கினாள்.

டாக்டர் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லவில்லை. ஒருவருக்கு நுரையீரல், ஒருவருக்கு இதயம், ஒருத்திக்கு ரத்தத்தில் சத்தே இல்லை, சிலருக்கு இரண்டு மூன்று கலந்து, அதோடு மூச்சு வாங்கிவிடுமோ என்ற பயமும் கலந்து. "ரெண்டு மாசத்துக்கு மேல இருக்குன்னா அதை வயசுன்னு சொல்லாதீங்க, வயசு பாவம்" என்பார். சூடான டீயை ஊதுகிறமாதிரி உதட்டைக் குவித்து மெல்ல வெளியே விடச் சொன்னார், முழங்காலில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்து உட்காரச் சொன்னார், முகத்துக்கு நேரே விசிறச் சொன்னார். நடக்காமல் இருப்பதைவிட நின்று நின்று நடப்பது மேல் என்றார். அதனால் கார்த்திகையில் எங்கள் கடைத்தெருவுக்கு நடுவில் போகிறவர் வருகிறவரெல்லாம் பனைவிசிறியோடு நின்று நின்று, இல்லாத டீயை ஊதிக்கொண்டு போனார்கள். கடைக்காரர்கள் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். ஒருவர் பாதிப் பேச்சில் நிறுத்தினால் மற்றவர் மீதியை முடித்துவைக்காமல் காத்திருக்கக் கற்றுக்கொண்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுதான் மூச்சடக்குவதைவிடக் கஷ்டமான காரியம். ராமசுப்புவைச் சீட்டாட்டத்துக்கு மறுபடி கூப்பிட்டார்கள். ஐந்து வருஷப் பாக்கியை ஒரே வாரத்தில் ஜெயித்தார்.

தை மாதம் வந்தபோது ஊரில் மூச்சு வாங்குகிற செருப்பு மிஞ்சியது ஏழெட்டுச் சோடி. அதில் ஒன்று டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது.

தினகருக்கு வடக்கே புனேக்கு மாற்றல் வந்தது. புறப்படுவதற்கு முன், பதினோராம் மாதத்திலேயே பிள்ளைக்குக் காது குத்திவிடுவது என்று நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மாரிச்செல்விக்கு அண்ணன் தம்பி இல்லை. அந்த இடத்தில் தாத்தாவின் மடிதான். மாரிச்செல்வி மூன்று வருஷத்தில் முதல்முறையாக அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு. எங்க வீட்ல."

"ம்."

"உங்க மடிதான்."

"மண்டபத்துல வச்சா என்ன? நம்ம வீட்ல வைக்கலாம்லா."

"எங்க வீட்டுக்கு வரமாட்டீங்க. அதான?" அவள் குரல் மெலிந்து, பிறகு கடினமானது. "சரிப்பா. வந்தா வாங்க. வரலைன்னா மடி இல்லாமலே குத்திக்கிறோம். புதன்கிழமை ரயிலு. அதுக்கப்புறம் நானும் இங்க வர்றதா இல்ல."

போனை வைத்தபின் பூவலிங்கம் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடியில் பெட்டிக்குள் இரண்டும் அவருக்குப் பதிலாக இரைத்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒன்பது மணிக்கே கிளம்பினார். எல்லோரும் வருமுன் ஏறத் தொடங்கினால், நிற்கவேண்டிய இடத்தில் நின்றுகொள்ளலாம் என்பது கணக்கு. மைனி முந்தின நாளே மேலே போயிருந்தார். வெறுங்காலும் பட்டு வேட்டியும் துளசிமாலையுமாக முதல் பதினெட்டுப் படியை ஏறி, முதல் மாடித் திருப்பத்தில் மின்சார மீட்டர்களுக்கு முன்னால் நின்றார். காய்கறிக் கூடையோடு இறங்கிய ஒரு பெண் கேட்டாள்:

"என்ன அண்ணாச்சி, ரீடிங் எடுக்கீங்களா?"

அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், எண்ணிக்கொண்டிருப்பதுபோல. அவள் போனபின் மீட்டரில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அடுத்த பதினெட்டுக்கு இருபது நிமிஷம் ஆனது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் மடங்கி, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. படி குறுகல், அவர் உட்கார்ந்தால் ஆள் தாண்ட முடியாது. பத்து மணிக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். முதலில் காது குத்துகிற ஆசாரி தன் சின்னப் பெட்டியோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் தேங்காய் பழத்தட்டு, அதற்குப் பின்னால் தினகரின் அத்தைமார் மூன்று பேர், பூக்காரி, கீழ்வீட்டுக்காரர்கள், விசிறியோடு பங்கஜவல்லி டீச்சர். வரிசை முதல் மாடியைத் தாண்டிக் கீழே வேப்பமரம் வரைக்கும் போனது.

"முன்னால யாரு மறிச்சுக்கிட்டு இருக்கது?"

"பொண்ணோட அப்பா."

"இன்னுமா கோவம்? விசேஷ வீட்லயா?"

"மாலை வேற போட்டிருக்காரு, கோவப்படக்கூடாதுல்லா."

"போகவும் மாட்டாரு, விடவும் மாட்டாரு. மேஸ்திரில்லா, மறியல் பண்ணுதாரு."

ஆசாரி மட்டும் அவருடைய தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி, பெட்டியை மடியில் வைத்து ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டார்.

சத்தம் கேட்டு மாரிச்செல்வி மேலிருந்து இறங்கி வந்தாள். பட்டுப்புடவை, இடுப்பில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளை. பின்னால் தினகர், அவனுக்குப் பின்னால் சண்முகத்தாய் மைனி. அப்பா படியில் உட்கார்ந்து, முகம் சிவந்து, மூக்கு விடைத்து, கண் பிதுங்கத் தன்னைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தின அதே முகம்.

"எத்தனை பேரு முன்னால இப்படிச் செய்யணும்னு நெனைச்சீங்கப்பா?" என்றாள். "பதினெட்டு படி. பதினெட்டே படி. அதை ஏறக்கூட எங்க வீடு உங்களுக்கு ஆகாதா? அப்பக் கீழேயே போயிருங்க. நான் ஒண்ணும் சொல்லல. போயிருங்க."

மைனி வாயைத் திறந்து, மகளைப் பார்த்து, கணவரைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

தினகர் முன்னால் வந்தான். மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கதவைத் திறந்தவன் அவன்தான். அவன் பார்க்கவேண்டியதை அன்றைக்கே பார்த்திருந்தான் என்று நினைக்கிறேன். "செல்வி, மாமாவுக்கு முட்டி வலி," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி, மெதுவாக. "எங்கிட்டச் சொல்லியிருக்காரு. நான்தான் உங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன். ஏன் மாமா, முட்டிதான?"

முட்டி வலி மரியாதையான வலி. ஊரில் யாருக்கும் அது உண்டு. அதற்காக யாரும் பேச்சைத் தாழ்த்துவதில்லை, பத்திரிகை வைக்காமல் போவதில்லை. நாலு பேர் சேர்ந்து நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போய்விடலாம். வரிசையில் அதற்குள் யாரோ நாற்காலிக்குக் குரல் கொடுத்துவிட்டார்கள். பூவலிங்கம் மருமகனைப் பார்த்தார். அவன் கண் சிமிட்டாமல் நின்றான். தலையை ஒருமுறை ஆட்டினால் போதும்.

பிள்ளை அவருடைய துளசிமாலையைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, உதட்டைக் குவித்து, இல்லாத டீயை ஒருமுறை ஊதினார், இன்னொருமுறை ஊதினார், மூன்றாம் முறையும் ஊதினார். அத்தனை பேரும் அந்தப் படியில் காத்திருந்தார்கள், ஒருவரும் அவருக்காக மீதியைச் சொல்லி முடிக்கவில்லை.

பிறகு பூவலிங்கம் மகளிடம், முட்டி நன்றாக இருக்கிறது என்றும், தனக்கு நாலு வருஷமாக மூச்சு வாங்குகிறது என்றும், செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகப்போவதாகவும், இன்றைக்கு இதற்குமேல் ஏற முடியாது, காதுகுத்தை இந்தப் படியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.